சுண்ணாம்பு காணாத கல்லறை

கிரிக்கெட் பைத்தியம் முற்றினால் மைதானத்தோடு நிற்காது, இடுகாடு வரை இழுத்துக்கொண்டு போகும். போன நவம்பரில் நான் சேலம் போனது வால்டர் என்ற வெள்ளைக்காரரின் கல்லறையைத் தேடித்தான்.

ஐம்பதுகளில் இங்கிலாந்தின் கவுண்டி, அதாவது மாவட்ட அணி ஒன்றில் இடக்கைச் சுழல் வீசியவர். அப்போது சம்பளத்துக்கு ஆடுகிறவர்களுக்குத் தனி அறை, தனி வாசல், சம்பளம் வாங்காமல் ஆடும் கனவான்களுக்கு வேறு. மழையில் ஊறிய ஆடுகளத்தில் விக்கெட்டாக அள்ளினார். நாட்டு அணிக்கு ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. தோள் போனதும் கவுண்டி கைகழுவியது. குடும்பத்தை அங்கேயே விட்டு, இங்கே ஒரு மிஷன் பள்ளிக்குப் பயிற்சியாளராக வந்து, இங்கேயே செத்தார். மகள் மார்கரெட்டுக்கு இப்போது எண்பது வயது இருக்கும். எனக்கு இணையத்தில் பழக்கம். அவர் கேட்டது ஒன்றுதான்: அம்மாவின் கல்லறையில் சேர்க்க, அப்பாவின் கல்லறை மண் ஒரு பிடி.

சேலத்தில் பேருந்து ஏறி ராசிபுரத்தில் இறங்கினேன். அங்கிருந்து நாமகிரிப்பேட்டைச் சாலையில் இடுகாட்டுக்கு ஆட்டோ இருநூறு ரூபாய். வழியெல்லாம் கோழிப்பண்ணை நாற்றம். மூக்கைப் பொத்தத் துண்டு எடுத்துப் போங்கள்.

கிறிஸ்தவர்கள் தங்கள் வீட்டுக் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து மெழுகுவத்தி ஏற்றும் கல்லறைத் திருநாள் அப்போதுதான் முடிந்திருந்தது. இடுகாடு முழுக்கப் புதுச் சுண்ணாம்பு. கோயில் உபதேசியார் காட்டிய இடத்தில், புதுச் சிலுவையில் வேறு பெயர் இருந்தது.

“திருநாளுக்குச் சுண்ணாம்பு அடிக்காத குழின்னா, ஆளில்லைன்னு வேற ஆளுக்குக் குடுத்துருவோமுங்க. இடம் பத்தறதில்லீங்களே,” என்றார். “எலும்பையெல்லாம் அந்த மூலைப் பொதுக்குழியில போட்டாச்சுங்க.”

“அவரைத் தேடி யாருமே வரலீங்களா?”

“வந்தாங்களே. அவருகிட்ட ஆட்டம் படிச்சவங்க, எல்லாம் இந்துக்காரங்க. அவரு பொறந்தநாளைக்கு மாலை போட்டுட்டுப் போயிருவாங்க. சுண்ணாம்பு அடிக்கோணும்னு அவங்களுக்குத் தெரியலீங்க. எங்களுக்கும் சொல்லத் தோணலீங்க.”

ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அந்த இடத்து மண்ணையாவது எடுக்கலாம் என்று குனிந்தேன். பக்கத்தில் மெழுகுவத்திக் கறையைச் சுரண்டிக்கொண்டிருந்த பெண் கையை நீட்டித் தடுத்தார்.

“ஏனுங்க, மண்ணைத் தொடாதீங்க. இது எம்பையன் குழிங்க. போர் போடற ரிக் வண்டி வேலைக்குப் போனவன், இப்பத்தான் கொண்டாந்து வச்சோம். உட்டுருங்க சாமி.”

பொதுக்குழியில் ஒரு பிடி அள்ளியிருக்கலாம். அதில் யார் யாரோ கிடக்கிறார்கள். வெறுங்கையோடு திரும்பினேன்.

உங்கள் ஆள் யாராவது இப்படி அயலூரில் கிடந்தால் மாலையை நம்பாதீர்கள். ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். அக்டோபரிலேயே பங்குக் கோயிலில் விசாரித்து, சுண்ணாம்புக்கு ஆள் சொல்லிவிடுங்கள்.

சாயங்காலம் போனில் மார்கரெட்டிடம் நடந்ததைச் சொன்னேன். கடைசிவரை கேட்டார். பிறகு, “அந்தப் பையனுக்கு என்ன வயது?” என்றார்.

சிலுவையில் எழுதியிருக்கும். வால்டர் பெயர் இல்லை என்றதும் நான் மேற்கொண்டு படிக்கவில்லை.