மேற்கு வாசலில் கூப்பிட்ட பெயர்

1930-களின் தொடக்கம். ஆம்பூருக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு சின்ன ஊரின் முன்சீப் கோர்ட்டில் நடந்தது இது. நான் கொத்து வேலைக்காரன். மேஸ்திரி என்று பெயர் வாங்கியிருந்த நேரம். தலைக்கனமும் கூடவே வந்து சேர்ந்திருந்தது.

அந்தக் கோர்ட்டு ரயில் வருவதற்கு முன்பே கட்டியது. அப்போது வண்டிப்பாதை பாலாற்றங்கரையோரம் போனதால் வாசலை மேற்கே வைத்திருந்தார்கள். பிறகு ரயிலடிச் சாலையில் நடமாட்டம் கூடிவிட, கிழக்கே புது முகப்பு எழுப்பச் சொல்லி வேலை எனக்கு வந்தது. ஆறு தூண், மேலே தளம். தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்கு வரும் கடுக்காயில் ஒரு மூட்டை வாங்கி ஊறவைத்து, வெல்லத் தண்ணீரோடு சுண்ணாம்பில் சேர்த்து அரைத்துப் பூசினேன். தூணில் முகம் பார்க்கலாம். சாலைச் சத்தம் உள்ளே வரக் கூடாது என்று ஓவர்சியர் சொன்னதால், முகப்புக்கும் விசாரணைக் கூடத்துக்கும் நடுவே கனமான சுவர் ஒன்றும் வைத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து, தளத்தில் ஒழுகல் என்று கூப்பிட்டிருந்தார்கள். காலையில் நான் போனபோது, மாதனூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி கட்டடத்தைச் சுற்றிப் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். புருஷன் செத்த பிறகு, குடியிருக்கும் வீடு தன்னுடையது என்று கொழுந்தன் வழக்குப் போட்டிருக்கிறானாம். அன்றைக்கு விசாரணை. வக்கீல் இல்லை, அவளே பதில் சொல்ல வேண்டும்.

"இன்னாம்மா, அந்தாண்ட போற? அது பின்பக்கம், ஆடுதான் மேயும். இதான் வாசல். கட்டுனவன் சொல்றேன், இங்க உக்காரு" என்றேன்.

"பேரக் கூப்ட்டா இங்க கேக்குமா மேஸ்திரி?"

"கேக்காம இன்னா? ஊருக்கே கேக்கும்!"

அவள் தூணோரம் உட்கார்ந்தாள். நான் மேலே ஏறி வேலையைப் பார்த்தேன்.

வெயில் ஏறிய பிறகு நான் தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கிய நேரம், கோர்ட்டு சேவகர் வெற்றிலை போட வெளியே வந்தார். அவள் எழுந்து போய்த் தன் பெயரைச் சொல்லிக் கேட்டாள்.

"மூணு வாட்டி கூவியாச்சேம்மா! நீ வரலன்னு உன் கொழுந்தன் பக்கமே தீர்ப்பாய்ட்ச்சி."

"எங்க கூவுனீங்க?"

"மேக்கு வாசல்லதான். என்னிக்கும் அங்கதான கூவுறது."

முகப்பு மாறியிருந்தும் கூப்பிடுகிற இடம் மாறவில்லை. கட்டிய எனக்கு அது தெரியாது. ஒரு நாளாவது அங்கே கேஸ் நடக்கும்போது நான் நின்று பார்த்திருந்தால்தானே?

அவள் என்னைத் திட்டவில்லை. "நீங்க கட்டுனதுன்னு சொன்னீங்களேன்னுதான் உக்காந்தேன்" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

கையில் சுண்ணாம்போடு அப்படியே உள்ளே போனேன். முன்சீப் சாப்பாட்டுக்கு எழுந்துகொண்டிருந்தார்.

"எஜமான், அந்தம்மா காலைலேர்ந்து இங்கதான் இருக்குது. நான்தான் தப்பான எடத்துல உக்கார வச்சிட்டேன்."

"நீ யார்? சாட்சியா?"

"இல்லீங்க. கொத்தனாருங்க."

கூடத்தில் சிரிப்பு. கொழுந்தனின் வக்கீல், இதெல்லாம் சட்டத்தில் இல்லை என்று குதித்தார். முன்சீப், சேவகரை மேற்கு வாசலில் நின்று உரக்கக் கூப்பிடச் சொல்லிவிட்டு, தானே நடந்து கிழக்கு முகப்புக்கு வந்து நின்றார். நாங்களும் நின்றோம். வண்டி மாட்டின் மணிச் சத்தம் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை. என் சுவர் அவ்வளவு கெட்டி. சுவரில் குறை இல்லாததற்காக வெட்கப்பட்டது அன்று ஒரு நாள்தான்.

தீர்ப்பை ரத்து செய்து, மத்தியானமே அவளை விசாரித்தார். நாலைந்து வாய்தாவுக்குப் பிறகு வீடு அவளுக்கே நின்றது. சேவகரும் அதிலிருந்து இரண்டு வாசலிலும் கூவ ஆரம்பித்தார்.

அதன் பிறகு எத்தனையோ கட்டடம் கட்டிவிட்டேன். எதையும் ஒப்படைக்கும் முன், அங்கே வந்து காத்திருக்கப் போகிறவர்கள் எங்கே உட்காருவார்களோ அங்கே நானும் ஒரு பொழுது உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.