அலமாரியில் இல்லாத பூட்டு

சட்டை தைக்கும் கூடத்தில், காஜா எடுக்கும் இயந்திரத்துக்கு முன்னால் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருப்பவள் அவள். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. பொத்தான் துளை ஒரு நூலிழை விலகினால்கூட அந்தச் சட்டையைத் தனியே எடுத்து வைத்துவிடுவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் என்று பெயர். கூடத்தில் எல்லோருக்கும், வயதில் மூத்தவர்களுக்கும்கூட, அவள் அக்காதான். ஆனால் பேச்சு வந்த நாள் முதல் அவளை அப்படிக் கூப்பிடுகிறவன் ஒருவன்தான். அவளுடைய தம்பி, இரண்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த வாத்தியார்.

பிள்ளைகள் தம்பிக்கு வைத்த பெயர் டிங் டாங் சார். வகுப்புக்குள் நுழைந்ததும் மேசையைத் தட்டி ஒரு வார்த்தை சொல்வான். அதே ஓசையில் முடியும் வார்த்தைகளைப் பிள்ளைகள் நாலா பக்கமும் இருந்து வீசவேண்டும். ஆனால் ஓசை பொருந்தினால் மட்டும் விடமாட்டான். அது என்ன பொருள் என்று சொல்லவேண்டும், முடிந்தால் தொட்டுக் காட்டவேண்டும். "சத்தம் மட்டும் வந்தா செல்லாது, சாமானும் வரணும்" என்பது அவன் வகுப்பின் சட்டம். ஒரு நாள் குடை கொடுக்கப் போன அக்கா ஜன்னலோரம் நின்று இதைக் கேட்டாள். மறுநாள் கூடத்தில் எல்லோரிடமும் வாய் ஓயாமல் சொன்னாள்.

அந்தச் சட்டத்தைப் போட்டவன்தான் ஒரு நாள் காலையில் கரும்பலகைக்கு முன்னால் சாக்கட்டியை நழுவவிட்டுச் சரிந்தான். மூளையின் இடது பக்கம் ரத்தக் குழாய் அடைத்துவிட்டது என்றார் மருத்துவர். கை, கால் இரண்டு மாதத்தில் சரியாயின. தமிழும் மெல்ல மெல்லத் திரும்பியது. எதைக் கேட்டாலும் "ஆமா" என்று தலையாட்டும் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. "உன் தம்பி மாதிரி ஒரு புருஷன் வாய்ச்சிருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்க்கா" என்பாள் பக்கத்து இயந்திரத்தில் பொத்தான் வைக்கிறவள். அக்காவும் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் குனிந்து அடுத்த சட்டையை எடுப்பாள்.

ஆங்கிலத்தின் கதை வேறு. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு வார்த்தை சொன்னால், அதே ஓசையில் இரண்டு மூன்று வார்த்தைகள் தம்பி வாயிலிருந்து தங்குதடையில்லாமல் வந்தன. ஆனால் அவை எதைக் குறிக்கின்றன என்பது அவனுக்குத் தெரியவில்லை. சொன்ன வார்த்தைக்கும் தெரியவில்லை, தானே சொன்ன வார்த்தைகளுக்கும் தெரியவில்லை. தினமும் வீட்டில் பழக்குங்கள், பொருளைக் காட்டிக் காட்டிச் சொல்லுங்கள் என்றாள் அந்தப் பெண்.

தலைமையாசிரியை நல்ல மனுஷி. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்வரை அவன் இடத்தில் வேறு ஆளைப் போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். திறக்கிற அன்று பன்னிரண்டு வார்த்தைகள் கேட்பேன், ஓசையும் பொருளும் சேர்த்துச் சொல்லிவிட்டால் ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கட்டும், இல்லையென்றால் வேறு ஆளைத்தான் போடவேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

அக்கா தம்பியின் பழைய குறிப்பேட்டை எடுத்தாள். லாக், கிளாக், ராக். ஜக், மக், ரக். ரிங், கிங், விங். ஸ்பூன், மூன், பலூன். தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருளும் எழுதிக்கொண்டாள். பிறகு சாமான்களைச் சேர்த்தாள். பூட்டு, மேசைக் கடிகாரம், கூழாங்கல் எல்லாம் சுலபம். ராஜாவுக்குச் சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டு. நிலாவுக்குக் காலர் உள்துணியில் ஒரு வட்டம் வெட்டினாள். சிறகுக்குப் புறாவின் ஒற்றை இறகுதான் கிடைத்தது. இறகு வேறு, சிறகு வேறு ஆயிற்றே என்று இரண்டு நாள் மனதை அரித்தது. பலூனை மூன்று நாளைக்கு ஒருமுறை ஊதவேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் முன்னறை அலமாரியில் வரிசையாக வைத்தாள். தூசி தட்டிவிட்டு வைக்கும்போது இடம் மாறக்கூடாது என்று, துணியில் குறி போடும் சாக்கட்டியால் ஒவ்வொன்றைச் சுற்றியும் கோடு போட்டாள். வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்தபின் ஒருமுறை பயிற்சி. அவள் ஒரு வார்த்தை சொல்வாள். தம்பி ஓசைக்கு ஓசை சொல்லிவிட்டு, எழுந்து போய்ப் பொருளைத் தொடுவான். மூன்று மாதத்தில் ஒன்றுகூடத் தப்பவில்லை. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "பன்னெண்டும் தெரியும் அவனுக்கு" என்று கூடத்தில் ஆள் விடாமல் சொன்னாள்.

பள்ளி திறக்க நான்கு நாள் இருந்தபோது, சுவரில் ஈரம் இறங்குகிறது என்று வீட்டுக்காரர் கொத்தனாரை அனுப்பினார். அவர் அலமாரியை நகர்த்திப் பூச்சு வேலை முடித்து, தட்டுகளைத் துடைத்து, சாமான்களையும் தன் போக்கில் அடுக்கிவிட்டுப் போயிருந்தார். வேலையிலிருந்து வந்த அக்கா முகம் கழுவிவிட்டு வழக்கம்போல் "கிளாக்" என்றாள்.

"லாக், ராக்" என்றான் தம்பி. எழுந்து போனான். கை நேராக மேல்தட்டில் இரண்டாவது இடத்துக்குப் போனது. அங்கே இருந்தது கரண்டி. அதைத் தொட்டுவிட்டு, திரும்பிப் பார்த்துச் சிரித்தான். கடிகாரம் கீழ்த்தட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"இதுவாடா கிளாக்கு?"

"ஆமா."

கடிகாரம் எங்கே என்று தமிழில் கேட்டாள். உடனே கீழ்த்தட்டைக் காட்டினான். பன்னிரண்டு வார்த்தைகளையும் கேட்டுப் பார்த்தாள். பன்னிரண்டு முறையும் கை பழைய இடத்துக்கே போனது. அவன் கற்றுக்கொண்டது பொருளை அல்ல, இடத்தை. அதைக் கற்றுக்கொடுத்தது அவள் போட்ட கோடு. தன்னுடைய ஒழுங்குதான் தம்பியை ஏமாற்றியிருக்கிறது என்று புரிந்தபோது அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

நான்கு நாளில் என்ன செய்துவிட முடியும்? இடம் மாற்றி மாற்றிக் கேட்டாள். அவன் குழம்பினான், வியர்த்தான், எல்லாவற்றுக்கும் "ஆமா" என்றான்.

பள்ளி திறந்த அன்று, சாமான்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு இருவரும் போனார்கள். தலைமையாசிரியை தன் அறையிலிருந்த நீளமேசையைக் காட்டி, "நீங்களே எடுத்து வைங்கம்மா" என்றார். வராந்தாவில் பிள்ளைகளின் இரைச்சல் என்று ஜன்னலைச் சாத்தப் போனார்.

அக்காவின் கைகள் தாமாகவே வேலையைத் தொடங்கின. மேல் வரிசை, கீழ் வரிசை. பூட்டு முதலில், அடுத்து கடிகாரம், அடுத்து கல். அலமாரியில் இருந்த அதே ஒழுங்கு. பதினொன்று வைத்தாயிற்று, பலூன்தான் பாக்கி. இப்படியே விட்டால் தம்பி பன்னிரண்டையும் சொல்லிவிடுவான். நாளைக்கே சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போவான். யாருக்கும் தெரியப் போவதில்லை.

ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் ஓடினார்கள். சாமானும் வரணும் என்று அவர்களிடம் சொல்கிறவன் இவன்.

அக்கா இரண்டு கையாலும் எல்லாவற்றையும் அள்ளிச் சேர்த்து, சீட்டுக் கலைப்பதுபோல் கலைத்துப் பரப்பினாள். தம்பி அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"ராக்" என்றார் தலைமையாசிரியை.

"லாக், கிளாக்." கை எழுந்தது. மூன்றாவது இடத்துக்குப் போனது. அங்கே மோதிரம் இருந்தது. கை அதன் மேல் அந்தரத்தில் நின்றது. அவன் மேசையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு எதையும் தொடாமல் கையை இழுத்துக்கொண்டான்.

"தெரியலக்கா."

வகுப்பில் சரிந்து விழுந்தபின் இந்த ஏழு மாதத்தில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. தலைமையாசிரியை இன்னும் ஐந்து வார்த்தைகள் கேட்டார். ஓசை ஒவ்வொரு முறையும் பிசகாமல் வந்தது. பொருளுக்கு ஒவ்வொரு முறையும் தெரியவில்லை என்றான். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த வருடம் முடியாதும்மா, வேறு ஆளைப் போட்டாகவேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். அக்கா சாமான்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டாள். பலூனை மட்டும் தம்பி கையில் வைத்துக்கொண்டு வந்தான்.

அதன்பின் அலமாரி காலியாகவே இருந்தது. தினமும் காலையில் அக்கா சாமான்களை வீடு முழுக்க வேறு வேறு இடத்தில் வைத்தாள். நேற்று வைத்த இடத்தில் இன்று வைப்பதில்லை. இத்தனை வருடம் எதையும் அதனதன் இடத்தில் வைத்தே பழகியவளுக்கு அது சுலபமாக இல்லை. தம்பி தேடிப் போவான், வெறுங்கையோடு வருவான், தெரியவில்லை என்பான். அவள் பொருளை எடுத்துக் கையில் கொடுத்து, மறுபடி அந்த வார்த்தையைச் சொல்வாள்.

ஆறு வாரம் போயிற்று. ஒரு காலை, பயிற்சிப் பூட்டைச் சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டு வந்து "லாக்" என்றாள்.

"கிளாக், ராக்" என்றான். எழுந்தான். சமையலறைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக வாசலுக்குப் போனான். வேலைக்குக் கிளம்பும்போது போடுவதற்காகக் கதவுக் கொண்டியில் ஒரு பூட்டு தொங்கிக்கொண்டிருக்கும். பெரியது, பித்தளை. அதை அவள் ஒருநாளும் காட்டிக் கொடுத்ததில்லை. தம்பி அதை உள்ளங்கையில் தாங்கிப் பிடித்தான்.

"பூட்டு" என்றான். பிறகு, தன் வகுப்பில் சொல்வதுபோல நிறுத்தி, "லாக்."

அக்கா குறிப்பேட்டில் தேதியை எழுதினாள். அன்று கூடத்துக்குக் கால் மணி தாமதமாகப் போனாள்.

"இப்ப எத்தனை வார்த்தைக்கா தெரியும் உன் தம்பிக்கு?" என்று கேட்டாள் பொத்தான் வைக்கிறவள்.

"ஒண்ணு" என்றாள் அக்கா, ஊசியில் நூலைக் கோத்தபடி.