எனக்காக நின்ற ஐந்து மணி பஸ்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஆரணியில் பி.எஸ்சி. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். ஊர் படவேடு பக்கம். சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸை விட்டால், அடுத்தது நன்றாக இருட்டிய பிறகுதான். "விளக்கு வைக்கறதுக்குள்ள வீட்ல இருக்கணும். இல்லன்னா காலேஜே வேணாம்" என்பது அப்பாவின் சட்டம். அதனால் விளையாட்டு, கலைவிழா என்று எதிலும் நான் சேர்ந்ததில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே விளையாட்டு.

அந்த வருடம், வகுப்பு முடிந்த பிறகு ஒரு மாதம் இலவசக் கம்ப்யூட்டர் பயிற்சி என்று கல்லூரியில் அறிவித்தார்கள். முழுசாக முடிப்பவர்களை ஒரு கம்பெனி நேர்முகத் தேர்வுக்கு அழைக்குமாம். ஆனால் பயிற்சி முடிவதே ஐந்து மணிக்கு! நமக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று விட்டுவிட்டேன். பஸ்ஸில் தோழியிடம் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

முன் சீட்டு அக்கா திரும்பிப் பார்த்தார். பட்டு நூல் முறுக்கும் பட்டறையில் வேலை முடித்து அதே பஸ்ஸில் ஊர் திரும்பும் பெண்களில் ஒருவர். அதுவரை நாங்கள் பேசியதுகூட இல்லை.

"இன்னாத்துக்கு அழுதுகினு கீற?" என்று விசாரித்தார். சொன்னேன்.

"நீ போய் சேரு. பஸ்ஸ நாங்க பாத்துக்கறோம்."

அரைகுறை நம்பிக்கையோடுதான் சேர்ந்தேன். முதல் நாள் மூச்சிரைக்க ஓடி வந்தால், பஸ் நிற்கிறது! டிரைவர் ஹாரன் அடிக்கிறார். பட்டறைப் பெண்கள் அத்தனை பேரும் கீழே நின்று சாவகாசமாகக் கதை பேசுகிறார்கள்.

"ஜல்தி ஏறுங்கம்மா!" என்று கண்டக்டர் கத்தினார்.

"உள்ள ஒரே வெக்கையா கீது. தோ, ஏறிக்கறோம்" என்றார் அந்த அக்கா. என் தலை தெரிந்ததும் எல்லோரும் மடமடவென்று ஏறிவிட்டார்கள்.

தினமும் இதே கூத்து. ஒரு வாரத்தில் கண்டக்டருக்கு விஷயம் தெரிந்துபோனது. "லேட்டானா எனக்குத்தாம்மா மெமோ" என்று முறைத்தார். இத்தோடு சரி என்று நினைத்தேன். மறுநாள் வந்து பார்த்தால், பெண்கள் எல்லோரும் சமர்த்தாக பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். டிரைவரும் கண்டக்டரும் டீக்கடையில் நிற்கிறார்கள்.

"இன்னிக்கி டீ ஒரே சூடு, ஆறவே மாட்டேங்குது" என்றார் கண்டக்டர், காலி கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு. "ஏறும்மா."

பயிற்சியை முடித்தேன். வேலையும் கிடைத்தது. பஸ்ஸில் ஸ்வீட் கொடுத்தபோது, "நம்ம பஸ்ஸுக்கே வேல கெடச்சிருச்சி" என்று அந்த அக்கா சிரித்தார்.

போன மார்கழியில் ஊருக்குப் போக அதே பஸ்ஸில் ஏறினேன். கிளம்பும் நேரத்தில், தூரத்தில் ஒரு கல்லூரிப் பெண் பையை அணைத்தபடி ஓடி வந்துகொண்டிருந்தாள். சட்டென்று கீழே இறங்கி நின்றேன்.

"இன்னாமா, எறங்கிட்ட?" என்றார் புதுக் கண்டக்டர்.

"உள்ள வெக்கையா கீதுங்க" என்றேன், ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டே.

கிடைத்த வாய்ப்பை விடாத கெட்டிக்காரி என்று சொந்தக்காரர்கள் என்னைப் புகழும்போதெல்லாம், வேலை செய்த களைப்போடு எனக்காகக் கால்கடுக்க நின்ற அந்தப் பெண்களை மனசுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.