சாம்பார் வாளி ஏந்திய அக்கா

மலேசியாவின் பத்து காஜா ஊர்க் கோயிலில் வெள்ளிக்கிழமை அன்னதானம். சாம்பார் ஊற்ற வந்த அக்கா ஐம்பதைத் தாண்டியவர். முகத்தில் ஒரு சுருக்கமில்லை. விரல்கள் இறுகி வளைந்திருந்ததால் வாளியை முழங்கையில் மாட்டியிருந்தார். என் பக்கத்தில் இருந்தவர் தன் இலையைக் கையால் மறைத்தார்.

“ஒட்டாதுலா அண்ணே. நோயை எதிர்க்கிற சக்தி என் உடம்பையே தாக்குது, தோல் இறுகுது. ஸ்க்லெரோடெர்மானு பேரு.”

எப்போது தொடங்கியது, எப்போது குணமாகும் என்று எல்லோரையும்போல் நானும் கேட்டேன்.

“தொடங்கின தேதி தெரியாது, முடியுற தேதி கிடையாது. மருந்துல அடக்கி வைக்கலாம். இன்னிக்கும் யாரும் வாங்கலனா, வாளிய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க.”

வயிறு நிறைந்திருந்தும், “எனக்கு ஊத்துங்க” என்றேன்.

“பாவம் பார்த்துச் சாப்பிடாதீங்க அண்ணே, செரிக்காது,” என்று சிரித்தபடி ஊற்றினார்.

சாம்பார் உண்மையிலேயே நன்றாக இருந்தது. சொன்னால் நம்புவாரா என்று யோசித்து, சொல்லாமலே எழுந்துவிட்டேன்.