லாபம் என்றால் ஒன்று

வெல்லாவெளிப் பக்கத்தில் சீதேவிப்பிள்ளை ரீச்சர் வாயைத் திறந்தால், வாவியில் நிற்கிற கொக்கெல்லாம் மேற்கே படுவான்கரையை விட்டுக் கிழக்கே எழுவான்கரைக்குக் குடிபெயர்ந்துவிடும் என்று சொல்வார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொல்வது. பாதிக் கொக்குத்தான் போகும். மிச்சம் பாதி பழகிப்போய், தாளத்துக்குக் கழுத்தை ஆட்டிக்கொண்டே மீன் பிடிக்கும்.

அவளுடைய நேசறி, சின்னப் பிள்ளைகளின் பாலர் பள்ளி, ஒரு தகரக் கொட்டில். இருபத்திரண்டு பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு தேங்காய்ச் சிரட்டை. காலை எட்டரைக்கு நாற்பத்துநான்கு சிரட்டையும் ஒன்றாகத் தட்டுப்படத் தொடங்கினால், கூரையில் இருக்கிற பல்லிகள் பொத்துப் பொத்தென்று விழுந்து, வாலைக் கழற்றி வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓடும்.

அந்தத் தட்டில்தான் கணக்கு இருந்தது. நாலும் மூன்றும் எத்தனை என்று அவள் கேட்க மாட்டாள். சிரட்டையோடு சிரட்டை நாலு தட்டு, பிறகு நிலத்தில் மூன்று தட்டு, இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பாடு என்பாள். மூன்றாம் வாய்ப்பாட்டுக்கு இரண்டு தட்டு மெதுவாக, மூன்றாவது தட்டு ஓங்கி. ஓங்கித் தட்டும்போது வருகிற எண்ணை மட்டும் கத்த வேண்டும். மூண்டு, ஆறு, ஒம்பது என்று, வாய்ப்பாடு என்ற பெயரே தெரியாத வாண்டுகள் வாய்ப்பாட்டைக் கத்தித் தள்ளும்.

நிலோஜன் என்று ஒரு நாலு வயதுக்காரன் இருந்தான். வந்த புதிதில் அவனுக்கு மூன்றுக்கு மேல் உலகமே இல்லை.

"மூண்டுக்குப் பிறகு என்ன மனே?"

"கனக்க."

"கனக்கவுக்குப் பிறகு?"

"நிறைய."

அவன் கையில் சிரட்டையைக் கொடுத்து ஒரு மாதம் போனது. தாய் வைத்த இடியப்பத்தைப் பீங்கானில் தட்டித் தட்டி எண்ணி, "அண்ணனுக்கு ரெண்டு கூட வெச்சிரிக்கீங்க" என்று வீட்டை இரண்டாக்கிவிட்டான். தாய் மறுநாள் நேசறிக்கு வந்து, "ரீச்சர், இவனுக்கு இனிப் படிப்பிக்காதிங்க, எங்களுக்குக் கட்டாது" என்றாள். சீதேவிப்பிள்ளைக்கு அன்று முழுக்கச் சிரிப்பு அடங்கவில்லை.

அவளுடைய எண்ணிக்கை ஒன்று என்று தொடங்காது. லாபம் என்று தொடங்கும். களத்தில் மரைக்காலால் நெல் அளக்கிறவர்கள் முதல் மரைக்காலை ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்பார்கள். பிறகுதான் ரெண்டு, மூண்டு. ஒன்று என்று சொன்னால் விளைச்சல் ஒன்றோடு நின்றுவிடும் என்று பயம். வயல் வட்டைகளுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல் முளைக்க முதலே காதில் ஏறின இராகம் அது. அதைத்தான் அவள் நேசறிக்குள் கொண்டுவந்தாள். அவளும் அப்படித்தான் எண்ணுவாள். பனடோல் குளிசையையும், புருசன் வினாயகமூர்த்தி சொல்கிற பொய்களையும் லாபம் என்றுதான் தொடங்குவாள். பொய்கள் மட்டும் எண்ணி முடிந்ததில்லை.

இப்பேர்ப்பட்டவளுக்குப் பள்ளிக்கூடத்து ஓஎல் சோதனையில் கணக்குப் பாஸ் இல்லை.

நாலு தரம் எழுதினாள். நாலு தரமும் டபிள்யூ, பெயில்காரர்களுக்குப் போடுகிற எழுத்து. இங்கிலீசில் இருபத்தாறு எழுத்து இருக்கிறதாம். இவளுடைய பெயரைக் கண்டவுடனே திருத்துகிறவர்களுக்கு மற்ற இருபத்தைந்தும் மறந்துபோகும். விசயம் ஒன்றும் பெரிதில்லை. சோதனை மண்டபத்தில் சத்தம் கூடாது. இவளுடைய எண்களெல்லாம் சத்தத்தில்தான் குடியிருந்தன. தட்டாமல், முணுமுணுக்காமல் ஏழு எட்டு எத்தனை என்றால், நிலோஜனைப் போலக் கனக்க என்றுதான் அவளுக்கும் வரும்.

பதினாறு வருசமாக அதனால் ஒரு கரைச்சலும் வரவில்லை. பிறகு கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அடுத்த தை மாதத்துக்குள் கணக்குப் பாஸ் காட்டாதவர்கள் நேசறியில் படிப்பிக்க முடியாது.

வினாயகமூர்த்தி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தான்.

"விட்டுப் போட்டு வீட்டில இரி புள்ள. நான் என்ன, ஒனக்குச் சோறு போட மாட்டனா?"

"சோத்துக்கா நான் போறன்? வீட்டில இரிந்தா ஒங்கட மூஞ்சியத்தானே பாக்கணும்."

"இந்த மூஞ்சிக்கு என்ன குறை?"

"குறையெல்லாம் இல்ல. ஒரு மூஞ்சிதான் இரிக்கி. எனக்கு இருபத்திரண்டு வேணும்."

அவன் கடிதத்தை மடித்து அவளிடம் கொடுத்தான். அந்த வீட்டில் பிள்ளை இல்லை. யாராவது கேட்டால், இருபத்திரண்டு பெத்து வெச்சிரிக்கன், வந்து எண்ணிப் பாருங்க என்பாள். நேசறி போனால் அந்தப் பதிலும் போய்விடும் என்று இருவருக்கும் தெரியும்.

நாற்பத்தொரு வயதில் ஐந்தாம் தரம் விண்ணப்பம் போட்டாள். மூன்று மாதம் அவள் படித்த படிப்பில் ஊர் நித்திரை கொள்ளவில்லை. அம்மியிலும் பானை மூடியிலும் தட்டித் தட்டிப் படித்தாள். புருசன் குனிந்து செருப்புப் போட்டால் அவன் முதுகிலும் தட்டினாள். வைகாசியில் சோதனை எழுத எழுவான்கரைக்குப் போக வேண்டியிருந்தது. வாவியைக் கடக்கிற, பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி, அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாம் வாய்ப்பாட்டைத் தட்டினாள்.

"ரீச்சர், பாதை உடைஞ்சா நீந்தத் தெரியுமா?" என்றான் பாதை ஓட்டுகிறவன்.

"எத்தின பேர் ஏறியிரிக்கமெண்டு சொல்லுவன். நீந்தத் தெரியாது."

எல்லாரும் சிரித்தார்கள்.

முதல் வினாத்தாள் நன்றாகப் போனது. பெருவிரலால் தொடையில் சத்தமில்லாமல் தட்டிக்கொண்டாள். எண்கள் சொன்ன சொல் கேட்டு வந்தன. இரண்டாவது தாளில் எட்டாம் கேள்வி, சைக்கிள்களை வாங்கி விற்ற ஒரு வியாபாரியைப் பற்றியது. பெரிய பெருக்கல். தொடைத் தட்டு போதவில்லை. இடையில் எண் தவறியது. முதலிலிருந்து தொடங்கினாள். வாய் தன்பாட்டில் திறந்தது.

"லாபம்..."

மிச்சத்தை விழுங்கினாள். மறுபடியும் தவறியது.

"லாபம்..."

மூன்றாம் தரமும் அதே சொல் வெளியே வந்தபோது மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்து நின்றார். பட்டணத்து இளம் ஆள். மரைக்காலைக் கண்டால் பூச்சாடி என்று நினைக்கிறவர். பின்வரிசை வாங்கிலிருந்த பொடியன் அந்த நேரம் பார்த்துத் தலையைத் தூக்கினான்.

"யாருக்கு விடை சொல்றீங்க?"

"ஒருத்தருக்குமில்ல சேர். நான் எண்ணுறன்."

"மூண்டு தரம் லாபமெண்டு சொன்னீங்க. எட்டாம் கேள்வி என்ன? வியாபாரிக்குக் கிடைச்சது லாபமா, நட்டமா?"

சீதேவிப்பிள்ளை தாளைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாதவள்.

"லாபம்தான் சேர்."

"பாத்தீங்களா!"

"அது வேற லாபம் சேர். நான் சொன்ன லாபம் ஒண்டு."

"எது ஒண்டு?"

"லாபம்."

"என்னோட பகிடி விடுறீங்களா?"

பின்வரிசைப் பொடியன் மட்டும் களுக்கென்று சிரித்தான். மேற்பார்வையாளர் அவளுடைய சுட்டெண்ணைக் குறித்துக்கொண்டு போய், ஒரு நீளமான முறைப்பாடு எழுதினார். தாளைப் பறிக்கவில்லை. அவளுக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. அந்த ஒன்றரை மணித்தியாலமும் இடக்கையைத் தொடைக்குக் கீழே அமுக்கி வைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள். எண்கள் ஒவ்வொன்றாக எழுந்து வெளியே போயின. அவள் கூப்பிடவில்லை.

மற்றவர்களுக்கெல்லாம் முடிவு வந்தது. இவளுடையது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஊருக்குள் கதை கால் முளைத்து நடந்தது. ரீச்சர் கொப்பி அடித்தாளாம் என்று ஒருவர் சொன்னார். பாவாடைக்குள் புத்தகம் வைத்திருந்தாளாம் என்று இன்னொருவர். சந்தைக்குப் போய்ச் சேரும்போது அது ஒரு பெட்டி புத்தகமாகிவிட்டது.

கார்த்திகையில் மட்டக்களப்பில் விசாரணை. மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர். நடந்ததைச் சொன்னாள். நடுவில் இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எண்ணிக் காட்டுங்க பாப்பம்."

"சத்தமாவா சேர்?"

"சத்தமா."

மேசையில் முழங்கையை ஊன்றி விரல்களால் தட்டி எண்ணினாள். லாபம், ரெண்டு, மூண்டு என்று தொடங்கி ஐம்பதைத் தாண்டினாள். எங்கட அப்பாவும் இப்பிடித்தான்கா அளப்பார் என்று சொல்லிப் பெரியவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். தேத்தண்ணி கொண்டுவந்த பியோனும் சிரித்தான். குற்றம் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். அவள் திரும்பி வரும் வழியில் பிள்ளைகளுக்கு இரண்டு பெட்டி பிஸ்கற் வாங்கினாள்.

பத்து நாள் கழித்து வினாயகமூர்த்தி ஃபோனில் முடிவைப் பார்த்தான். வாய் ஓயாத மனிசன், ஃபோனைக் கவிழ்த்து வைத்தான்.

"அந்த எழுத்துத்தானா?"

"ஓம் புள்ள."

"களவு செய்யல்லெண்டு கண்டுபிடிச்சிட்டாங்க," என்றாள். "கணக்குத் தெரியாதெண்டும் கண்டுபிடிச்சிட்டாங்க."

அடுப்பில் இருந்த சோற்றை இறக்கி, கஞ்சியை வடித்து, அவனுக்குப் போட்டுக் கொடுத்தாள். தான் சாப்பிடவில்லை.

தையில் புதிய ரீச்சர் வந்தாள். செட்டிபாளையத்துப் பிள்ளை, பெயர் நிருஷா. நேசறிக்கென்று ஒரு வருசம் படித்துச் சான்றிதழ் எடுத்தவள். வைய ஆசைப்பட்டாலும் வைவதற்கு அவளில் ஒன்றும் இல்லை. அவ்வளவு நல்ல பிள்ளை. சீதேவிப்பிள்ளை வரவு இடாப்பையும் கதவுத் திறப்பையும் கொடுக்க வந்தபோது, நிருஷா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இதுகள் என்னோட வாய் திறக்குதுகளில்ல. ஒருக்காத் தொடங்கி விடுங்களன்."

இருபத்திரண்டு சோடிச் சிரட்டையும் மேலே எழும்பின. சீதேவிப்பிள்ளை முன்னால் போய் நின்றாள். தொண்டையைச் செருமினாள்.

"ஒண்டு," என்றாள்.

ஒரு சிரட்டையும் தட்டுப்படவில்லை. பிள்ளைகள் ஒன்றை ஒன்று பார்த்தன.

"ரீச்சர், பிழை!" என்றான் நிலோஜன். "லாபம்!"

அவன் தட்டினான். பிறகு எல்லாம் தட்டின. லாபம், ரெண்டு, மூண்டு என்று தகரம் அதிர்ந்தது. மேற்பார்வையாளர் வந்து நிற்கிற மாதிரி சீதேவிப்பிள்ளை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஒருவரும் இல்லை.

"சத்தம் போடாதிங்க மனே," என்றாள். "மெதுவா. மெதுவா."

பிள்ளைகள் சொல் கேட்கிற பிள்ளைகள். சிரட்டைகளை மடியில் வைத்துவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் திறப்பை மேசையில் வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். நிருஷா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு சோக்கை எடுத்துப் பலகையில் 1 என்று எழுதினாள். பிள்ளைகள் சத்தமில்லாமல் பார்த்து எழுதின.