கட்டிலுக்கு அடியில் வைத்த செங்கல்

எங்கள் தெருமுனையில் வெல்டிங் கடை வைத்திருப்பவரை எல்லோரும் 'பொறி' என்றுதான் கூப்பிடுவார்கள். கதவோ கிரில்லோ, எதைச் செய்து கொடுத்தாலும் யானை ஏறினாலும் அசையாது என்று சத்தியம் செய்வார். மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி ஒன்றைத் தானே செய்து போட்டார். அதன் அடியிலேயே மருந்து வைக்க ஓர் இழுப்பறை. அந்த அம்மாளைக் குளிப்பாட்டவும் கைகாலுக்குப் பயிற்சி கொடுக்கவும் வாரம் மூன்று நாள் நான் போவேன். கட்டிலைக் குறை சொல்ல முடியாது. அவ்வளவு நல்ல கட்டிலாக இருந்ததுதான் வினையாகிவிட்டது.

ஏரியைத் திறந்துவிட்ட அன்று காலை எட்டு மணிக்கே தெருவில் தண்ணீர். மாடியில் குடியிருக்கும் விளையாட்டு வாத்தியார் இறங்கி வந்தார்.

"அண்ணே, அக்காவ மேல தூக்கிட்டுப் போயிடலாம்."

"படியில கை தவறிட்டா என்ன பண்றது வாத்தியாரே? இங்கயே ஒசத்திக்கலாம். நம்ம கட்டிலு."

கடையிலிருந்து ஜாக்கியைக் கொண்டுவந்து, ஒவ்வொரு காலாகத் தூக்கி, அடியில் செங்கல் வைத்தார். தண்ணீர் ஏற ஏறச் செங்கலும் ஏறியது. பத்து மணிக்கு ஒரு வரிசை, பதினொன்றுக்கு இன்னொன்று. அதற்குள் மின்விசிறியே முகத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்ட மாதிரி இருந்தது அந்த அம்மாளுக்கு.

"ஏங்க, என்னைப் பரண்ல போடப் போறீங்களா?"

"பேசாம படு. யானையே ஏறலாம் இதுல."

"யானை ஏறிடும். எறங்குறது எப்படின்னு சொல்லுங்க."

பொறி இன்னும் நாலு செங்கல் தேடிப் போனார்.

நோயாளியை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் பலர் செய்கிற தவறு இது. அசைத்தால் ஏதாவது ஆகிவிடும் என்ற பயத்தில், அசைக்கவே முடியாத நிலைமைக்குக் கொண்டுபோய் விடுவார்கள். நடுப்பகலில் தரையில் சேறு படிந்து, கதவுப் பக்கத்துச் செங்கல்கள் வழுக்கின. கட்டில் சாய்ந்தது. அந்த அம்மாள் விளங்காத பக்கமாகவே தண்ணீருக்குள் விழுந்தார். பொறியின் கைக்கு முதலில் கிடைத்தது தலைமுடி. அதைப் பிடித்துத்தான் முகத்தை மேலே கொண்டுவந்தார். சத்தம் கேட்டு வாத்தியார் குதித்தோடி வந்தார். இருவருமாக அவரைப் போர்வையில் சுருட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் இழுத்து, வெளிப்படி பதினொன்றையும் ஏற்றி முடிக்க அரைமணி நேரம். காலையில் என்றால் பாதம்கூட நனைந்திருக்காது. மருந்து இழுப்பறையோடு முங்கிப்போனது.

தண்ணீர் முழங்காலுக்கு வடிந்த நாலாம் நாள் நான் போனேன். நாலு நாளாக மாத்திரை இல்லாமல் ரத்த அழுத்தம் எங்கோ போயிருந்தது. அழுக்குத் தண்ணீரைக் குடித்ததில் நெஞ்சில் சளி கரகரத்தது. இடுப்பில் புண் தொடங்கியிருந்தது.

"நானே கொன்னுருப்பேன் சிஸ்டர்," என்று பொறி தலையில் அடித்துக்கொண்டார்.

"கொல்லல. உயிரோடதான் இருக்காங்க. அப்புறமா உக்காந்து அழுவுங்க, இப்ப இந்தத் தலையணையப் புடிங்க."

பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. வீடு திரும்பியபோது, கட்டிலுக்கு சிமெண்ட் மேடை கட்டக் கணவர் படம் போட்டு வைத்திருப்பதை அந்த அம்மாள் பார்த்தார்.

"எனக்கு மேடை வேணாம். படி ஏறணும். அதுக்கு ஏதாவது பண்ணுங்க."

பண்ணினார். நாலு கைப்பிடி, இடுப்புக்கு வார், கால் வைக்கப் பலகை என்று ஓர் இரும்பு நாற்காலி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் மனைவியை உட்காரவைத்து, முன்னால் வாத்தியாரும் பின்னால் பொறியுமாகத் தூக்கினார்கள். படி திரும்புகிற இடத்தில் நாற்காலி சிக்கிக்கொண்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. படியின் அகலத்தை அளந்தவர் திருப்பத்தை அளக்கவில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது.

"இங்கயே ஒரு கூரை போட்டுக் குடுத்துடுங்க, இருந்துக்கிறேன்," என்றார் அந்தரத்தில் இருந்த அம்மாள்.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் பொறி நாலு விரற்கடை வெட்டிக் குறைத்தார். அதிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு ஒத்திகை. பத்து நாளைக்கான மாத்திரை, மருந்துச் சீட்டின் நகல், மாற்றுத் துணி எல்லாம் நீர் புகாத பையில், நாற்காலியிலேயே தொங்கும். பழைய மாத்திரையை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது என் வேலை.

எப்போது கிளம்புவது என்பதில்தான் சண்டை வந்தது. கடைசியில் வாசல் தூணில், முதல் படியின் மட்டத்துக்கு, சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டோம். தண்ணீர் அதைத் தொட்டால் மறுபேச்சு கிடையாது.

"கோட்டைப் பாக்குறது நான். என் ஜன்னல்லேர்ந்து நல்லாத் தெரியுது," என்றார் அந்த அம்மாள். "இவர்கிட்ட விட்டா செங்கல் தேடுவாரு."

வாத்தியார் தன் விசிலைக் கழற்றி அவர் கழுத்தில் மாட்டினார்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு பிற்பகலில், தண்ணீர் மறுபடி வந்தது. பொறி கடையில் வெல்டிங் மெஷினை ஜாக்கியில் தூக்கிக்கொண்டிருந்தார். அவர் பிழைப்பே அந்த மெஷின்தான். ஒரு பக்கம் தூக்கியாகிவிட்டது, மறுபக்கம் பாக்கி. விசில் கேட்டது.

"இன்னும் ரெண்டே செங்கல்னு நெனச்சேன் சிஸ்டர்," என்று பிறகு என்னிடம் சொன்னார். "செங்கல்னு நெனச்சதும் ஒடம்பு தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்படியே போட்டுட்டு ஓடினேன்."

வீட்டுக்குள் இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. வாத்தியார் வாரை மாட்டி முடித்திருந்தார். ஐந்து நிமிடத்தில் மாடி. திருப்பத்தில் எங்கும் உரசவில்லை.

"யானை ஏறிடுச்சு," என்று மூச்சு வாங்கினார் வாத்தியார்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கணவரைப் பார்த்தார். "மெஷின் என்னாச்சு?"

"குளிக்குது."

அவர் இடது கையை நீட்டிக் கணவரின் ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டார். பொறி பையைத் திறந்து மாலை மாத்திரையைத் தேடி எடுத்தார். அன்று இருட்டுவதற்குள் கீழ்வீட்டு ஜன்னல் வரை தண்ணீர் ஏறிவிட்டது.

மெஷின் தேறவில்லை. நாலு மாதம் அடுத்த தெருக் கடையில் கூலிக்கு வேலை செய்தார். ஒத்திகையை மட்டும் விடவில்லை. போன ஞாயிறு ஏழு நிமிடம் ஆயிற்று. பொறிக்கு முழங்கால் வலி. மூன்றாவதாக ஓர் ஆள் பழக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். தபால்காரரைக் கேட்பதாக அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார்.