காலை விமானத்தில் இடம்

இதைச் சொன்னால் என் கடையின் பெயர்தான் கெடும். கதை கட்டி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் பஸ், ரயில், விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. புதூர்ப் பக்கத்திலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள், ஊர் திரும்பும்போது என்னைத்தான் கூப்பிடுவார்கள். கொம்பையாவும் அப்படித்தான் கூப்பிட்டார். மகளுக்குக் காதுகுத்து.

"காலை ஃப்ளைட்டே போடுங்க அண்ணாச்சி. ராத்திரி எறங்குறதுன்னா எனக்குப் பயம்."

சரி என்றேன். அவசரத்தில் இரவு விமானத்துக்குப் போட்டுவிட்டேன். உடனே மாற்றியிருக்கலாம். காலையில் இடம் இருந்தது. சோம்பல். "காலைல எல்லாம் ஃபுல்லு, கொம்பையா" என்று சொல்லிவிட்டேன்.

அந்த விமானம் இறங்க வரும்போது கடலில் விழுந்தது. ஓடுபாதை விளக்குகள் தெரிகிற தூரம். இரவு மணி 8.09. நாடே பேசிய விபத்து. ஒருவரும் பிழைக்கவில்லை. கொம்பையாவின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

பதினோராம் நாள். கடையில் நான் மட்டும்தான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தேன். மணி 7.58. கரண்ட் போனது.

இருட்டில் ஒரு வாடை. உப்பு வாடை. கூடவே மண்ணெண்ணெய் நெடி. கோவில்பட்டியில் ஏது கடல்?

டப்... டப்... டப்...

ஏதோ சொட்டியது. அது பங்குனி மாசம். கரிசல் காடெல்லாம் வெடித்துக் கிடந்தது. மழை பெய்து நாலு மாசம்.

எதிர் நாற்காலி கிறீச்சென்றது.

"யாரு?"

செல்போனைத் தடவித் தேடினேன். மேஜை முழுக்க ஈரம்.

"அண்ணாச்சி..."

தெரிந்த குரல். வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல.

"காலை ஃப்ளைட்ல... எடம் இருந்துச்சா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்போதாவது.

"இல்ல" என்றேன்.

சொட்டுவது நின்றது.

பிறகு... ஒரு மூச்சு. என் காதுப் பக்கம். சில்லென்று...

கரண்ட் வந்தது.

8.09.

நாற்காலி காலி. கீழே குளமாகத் தண்ணீர். காலையில் கடையைத் திறந்தபோது, அது காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது.

அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. விளாத்திகுளம் போய், அங்கிருந்து புதூர் பஸ்ஸைப் பிடித்தேன். கொம்பையாவின் மனைவி பூங்கொடியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். என்ன சொல்வதென்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

நான் வாயைத் திறக்குமுன் அவரே பேசினார்.

"பிளேன் ஏறுறதுக்கு முந்தி போன் பண்ணுனாவ அண்ணாச்சி. மொதல்ல கோவில்பட்டில எறங்கி உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கணுமாம். அப்புறந்தான் வீட்டுக்கு வருவேன்னாவ."

அப்படியே திண்ணையில் உட்கார்ந்தேன்.

"நேத்து எட்டேகாலுக்குக் கதவு தட்டுற சத்தம் கேட்டுச்சு. ஓடிப்போய்த் தெறந்தேன். ஆளு இல்ல. படியெல்லாம் ஒரே ஈரம்..."

என் முகத்தையே பார்த்தார்.

"அவிய என்ன கேக்க நெனச்சிருப்பாவ அண்ணாச்சி?"

"தெரியாதும்மா" என்றேன்.